பரவாயில்லைக்கு எட்டு மதிப்பெண்

கிளென்கெரியில் ஒருவர் வாயைத் திறந்தால் ஒன்று மழை வரப்போகிறது, அல்லது மழை நின்றுவிட்டது. இரண்டும் இல்லையென்றால் கொட்டாவி. நியூசிலாந்தின் தென்கோடியில், இதற்கும் தெற்கே பனிக்கட்டியும் பென்குவினும்தான் என்கிற இடத்தில், இருநூற்றுப் பத்து மனிதர்களும் பதினோராயிரம் கறவை மாடுகளும் உள்ள ஊர் அது. மாடுகள் கொஞ்சம் பேசும்.

ஏழு வருடத்துக்கு முன் பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து நெமேசியோ தும்பகா இங்கே வந்து இறங்கியபோது, பாவம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர். முதல் நாள் காலையில் தன் முதலாளி கிரேம் மக்கெர்ச்சரைப் பார்த்து, "குட் மார்னிங் பாஸ்! நல்லாத் தூங்குனீங்களா? சாப்பிட்டாச்சா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். கிரேம் ஆறடிக்கு மேல் உயரம். ஐந்து தலைமுறையாக அதே மண்ணில் மாடு மேய்க்கும் குடும்பம். அவர் இந்தப் புது ஆளை மேலும் கீழும் பார்த்தார். காய்ச்சல் கண்டிருக்குமோ என்று அவருக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

"உக்காருய்யா," என்றார்.

நெமி கெட்டிக்காரர், சீக்கிரம் தேறிவிட்டார். ஆறே மாதத்தில் கிரேமின் மூன்று விதமான "ம்"களையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டார். முதல் "ம்" சரி என்று அர்த்தம். இரண்டாவது "ம்" நீ செய்வது முட்டாள்தனம், ஆனாலும் செய். மூன்றாவது "ம்" வருடத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்று. ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்க வேண்டும். இரண்டு விரல் தூக்கினால் சொந்தக்காரர். கையையே தூக்கினால் எங்கோ விபத்து என்று தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கற்றுக்கொண்டது "பரவாயில்ல" என்ற சொல். கிளென்கெரியில் பாராட்டுக்கு அதற்கு மேல் படி கிடையாது. கிரேமின் அப்பா ஜாக் செத்தபோது மாதா கோயில் நிறையக் கூட்டம். அறுபது வருட சிநேகிதர் ஒருவர் இரங்கல் உரைக்கு எழுந்தார், தொண்டையைச் செருமினார், "ஜாக் பரவாயில்ல" என்றார், உட்கார்ந்தார். பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். இவ்வளவு தூரத்துக்கு உணர்ச்சிவசப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று சிலர் பிற்பாடு குறைபட்டுக்கொண்டதும் உண்டு.

இப்படியாக நெமி ஊர்க்காரராகிவிட்டார். தீயணைப்புப் படையில் சேர்த்துக்கொண்டார்கள் ("வர்றியா?" "ம்."). அவர் வெளியூர்க்காரர் என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. ஞாபகம் வைத்திருந்தது ஒரே ஓர் இடம்தான். அதுதான் மொழித் தகுதி நிர்ணய வாரியம்.

விஷயம் இதுதான். நெமியிடம் இருந்தது தற்காலிகப் பணி அனுமதி. நிரந்தரமாகக் குடியேறி மனைவி மகளைக் கூட்டிவர வேண்டுமானால் வாரியத்தின் பேச்சுத் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தைந்து வாங்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை பிள்ளை ஆகாது என்பது சட்டம். மகள் ரோவேனாவுக்கு செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பதினெட்டு நிறைகிறது. அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் அவள் வர முடியாது. மனைவி லிகாயா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அவ வந்தா நானும் வர்றேன். அவளுக்கு இடமில்லன்னா, நீங்க அங்க உங்க மாட்டோட இருங்க, நான் இங்க என் மகளோட இருக்கேன்."

ரோவேனாவுக்குப் பத்து வயதானபோது விமான நிலையத்தில் பார்த்தது. இப்போது போனில் அவள் குரல் லிகாயாவின் குரலாகவே மாறிவிட்டது. இந்த வருடமும் போய்விட்டால் பிறகு எந்த வருடமும் இல்லை.

ஜூன் மாதம் இன்வர்கார்கில் நகரத்துக்குப் போய்த் தேர்வில் உட்கார்ந்தார். எதிரே நிர்ணய அலுவலர் திருமதி பிலிப்பா ஹார்க்நெஸ், கழுத்தில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் நிறுத்துகடிகாரம்.

"உங்க ஊரைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்க. ஆரம்பிக்கலாம்."

நெமி நேர்மையாக யோசித்தார். ஏழு வருடம் கண்முன் போயிற்று. மனதார, நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்: "பரவாயில்ல."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தொடருங்க."

"முடிஞ்சுது மேடம்."

"இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பத்தாறு செகண்ட் பாக்கி இருக்கு, மிஸ்டர் தும்பகா."

"நீங்க வேணா வச்சுக்குங்க மேடம்."

அடுத்தது விவாதம். "மியூசியங்கள் நாட்டுக்குத் தேவையில்லைன்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"சரி மேடம்."

"சரியா? நீங்க எதிர்த்துப் பேசணும்!"

"உங்களுக்குத் தெரியாததா மேடம். நீங்க படிச்சவங்க."

முடிவு பத்து நாளில் வந்தது. கேட்டுப் புரிந்துகொள்ளுதல்: தொண்ணூற்றெட்டு. பேச்சு: எட்டு. கீழே அலுவலரின் குறிப்பு: "விண்ணப்பதாரர் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார். புரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்ள மறுக்கிறார். வாதாடும் சந்தர்ப்பத்தை மரியாதையால் வீணடித்தார்."

கிரேம் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். நேரே சமையலறைக்குப் போய், பதினாறு வருடமாகத் திறக்காத மேசை டிராயரைத் திறந்து பேனாவை எடுத்து வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முழுக் கடிதமும் இதோ: "நெமி பேசுவான். போதுமான அளவுக்கு. கி. மக்கெர்ச்சர்." அவர் வாழ்நாளிலேயே நீண்ட கடிதம் அதுதான்.

வாரியம் நான்கு பக்கத்தில் பதில் போட்டது. சாரம் ஒரே வரி: ஒருவருடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம் என்று சான்று தருபவர், தம்முடைய ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்தான் என்பதற்கு முதலில் சான்று பெற்றிருக்க வேண்டும்.

கிரேமுக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறொரு பாஷை தெரியாது. அவர் அப்பனுக்கும் தெரியாது, பாட்டனுக்கும் தெரியாது. ஆனாலும் மனிதர் சாவுக்குப் போடும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு இன்வர்கார்கில் போனார். திருமதி ஹார்க்நெஸ் சீட்டை எடுத்துப் படித்தார்.

"நீங்க மதிக்கிற ஒருத்தரைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுங்க."

"நெமி."

"அது யாரு?"

"எங்கிட்ட வேலை பாக்குறான்."

"எப்படிப்பட்டவர்? விரிவாச் சொல்லுங்க."

வாரியத்தின் ஒலிப்பதிவில் இந்த இடத்தில் நாற்பத்தொரு செகண்டு வெறும் கடிகாரச் சத்தம். பிறகு கிரேமின் குரல்: "பரவாயில்ல."

மதிப்பெண் ஆறு. நெமியைவிட இரண்டு குறைவு, ஏனென்றால் நெமி இடையிடையே "மேடம்" சேர்த்திருந்தார். எழுந்து போகும்போது கிரேம் கதவருகே நின்று, "நீங்க இந்தப் பரீட்சை எழுதுனீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

திருமதி ஹார்க்நெஸ் திடுக்கிட்டுவிட்டார். "நானா? அது எப்படி முடியும்? தேர்வு நடத்துறவங்களே தேர்வு எழுதினா, ஒருவேளை தோத்துட்டா, அப்புறம் தேர்வை நடத்துறது யாரு? வாரியத்துல யாரும் எழுதினதில்லை. அதுதான் எங்க தரத்துக்கே அஸ்திவாரம்."

மதிப்பெண் பட்டியலோடு உரையாடலின் பிரதியும் தபாலில் வந்தது. கிரேம் அதை மேசைமேல் போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். டீ குடிக்க வந்த நெமியின் கண்ணில் பட்டது. நாற்பத்தொரு செகண்டு மௌனம், பிறகு அந்தச் சொல். நெமி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், ஏற்கனவே கழுவியிருந்த தரையை மறுபடியும் கழுவினார். அழுகை வந்ததைத் தண்ணீர்ச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

முதலாளி தோற்றால் என்ன, ஊரில் வேறு பெரிய மனிதர்கள் இல்லையா? மாட்டு டாக்டர் போனார், ஏழு மதிப்பெண். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை போனார், பதினொன்று. "அமைதி" என்ற சொல்லை ஆறு தடவை சொன்னதால் கிடைத்தது. தீயணைப்புத் தலைவர் பாதிக் கேள்வியில் பேஜர் அடித்ததும் எழுந்து ஓடிவிட்டார், நான்கு. ஆக மொத்தம் கிளென்கெரியின் சராசரி ஏழு என்று வாரியத்தின் கணினி கண்டுபிடித்தது. இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் எந்த அலுவலகமாவது சும்மா இருக்குமா? ஜூலைக் கடைசியில் திருமதி ஹார்க்நெஸ்ஸே பெரிய காரில் ஊருக்கு வந்து இறங்கினார்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம். பெண்கள் வழக்கம்போல் சீஸ் ரோல் சுட்டு வெண்ணெய் தடவி அடுக்கியிருந்தார்கள். அதில் நான்கைச் சாப்பிட்டுவிட்டு அலுவலர் மேடையேறினார்.

"கிளென்கெரிப் பெருமக்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று வாரியம் ஒருபோதும் சொல்லவில்லை. தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. நூற்றறுபது ஆண்டுகளாக நீங்கள் இங்கே என்ன மொழி பேசி வந்தீர்கள் என்பதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அக்குழு உங்கள் யாரையும் தொந்தரவு செய்யாது. உங்களோடு பேசினால் முடிவு பாதிக்கப்படும் என்பதால் தலைநகரிலேயே உட்கார்ந்து ஆராயும். இன்று முதல் கிளென்கெரி ஒரு குறைமொழிப் பகுதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஊர் நீங்கள்தான். எனக்கு இதனால் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்பதைப் பெருமையோடு பகிர்ந்துகொள்கிறேன்."

கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் கேட்டது.

"ஏதாவது கேள்விகள் உண்டா?"

நெடு நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து மாட்டு டாக்டர், "வர்ற வழியில பாலத்துல தண்ணி ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் அலுவலர்.

"சரி."

அவ்வளவுதான் கூட்டம். ஆனால் கடைசியில் அவர் படித்த விதிகளில் ஒன்று நெமியின் காதில் தேனாகப் பாய்ந்தது. குறைமொழிப் பகுதியில் குடியேறுபவர் நாட்டின் தரத்தை எட்ட வேண்டியதில்லை. அவர் பேச்சு உள்ளூர் அளவுக்குப் பொருந்தினால் போதும்.

போதும் என்றால் போதும் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நெமி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனாலும் எதற்கு வம்பு, நன்றாகவே தயார் செய்துவிடுவோம் என்று நினைத்தார். அந்தப் புத்திதான் அவருக்கு வினையாயிற்று. ஏனென்றால் ஜூனில் தோற்ற நாளிலிருந்தே இலோயிலோவிலிருந்து ஒரு வாத்தியார் அவரைப் போனில் பிழிந்துகொண்டிருந்தார். வாத்தியார் வேறு யாருமில்லை, ரோவேனாதான். பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை கோப்பையாக வாங்கியவள். மத்தியானப் பால் கறவைக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் பாடம்.

"அப்பா, எந்தக் கேள்வி கேட்டாலும் முதல்ல 'இது மிகவும் சுவாரஸ்யமான கேள்வி'ன்னு சொல்லணும். அதுலயே மூணு செகண்ட் ஓடிடும்."

"கேள்வி சுவாரஸ்யமா இல்லைன்னா?"

"இல்லைன்னாதான் கட்டாயம் சொல்லணும். அப்புறம் 'இதை நாம் பல கோணங்களில் அணுகலாம்'."

"எத்தனை கோணம்மா?"

"மூணுன்னு சொல்லிட்டு ரெண்டு சொல்லுங்க. யாரும் எண்ண மாட்டாங்க. சரி, உங்களுக்குப் பிடிச்ச மியூசியத்தைப் பத்திச் சொல்லுங்க பாப்போம்."

"நான் மியூசியத்துக்குப் போனதே இல்லையே ரோவே."

"அவங்க மட்டும் போயிருப்பாங்களாக்கும்? அடிச்சு விடுங்கப்பா!"

நெமி கறவைக் கொட்டகையில் மாடுகளுக்கு முன் நின்று அடித்து விட்டார். ஓவியரான தன் சித்தப்பாவைப் பற்றி, இல்லாத சித்தப்பா, சிறு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த கூடங்களைப் பற்றி, வண்ணங்கள் மனித ஆன்மாவுக்குச் செய்யும் பணியைப் பற்றி. மாடுகளுக்கு இது புதுசு. சினையாயிருந்த நானூற்றுப் பன்னிரண்டாம் எண் பசு தீவனத்தைப் பாதியில் விட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

"மாட்டுக்கு என்ன ஆச்சு?" என்றார் கிரேம்.

"மியூசியம், பாஸ்."

"ம்," என்றார் கிரேம். இரண்டாவது வகை.

ஆகஸ்ட் நடுவில் மறுதேர்வு. நெமி பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சித்தப்பா பார்வையிழந்து போன இடத்தில் திருமதி ஹார்க்நெஸ் ஒரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் நான்கு நிமிடமாயிற்று, அவர் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். மதிப்பெண் தொண்ணூற்றொன்று.

ஊரே சந்தோஷப்பட்டது. அதாவது, ரோட்டில் நெமிக்கு எல்லோரும் இரண்டு விரல் தூக்கினார்கள். ஒரே ஒரு சங்கடம், ஊறிப்போன பேச்சு உடனே நிற்கவில்லை. கடையில் "பிரெட் வெள்ளையா, பிரவுனா?" என்று கேட்டதற்கு, "இது மிகவும் சுவாரஸ்யமான கேள்வி, இதை நாம் பல கோணங்களில்..." என்று தொடங்கிவிட்டார். கடைக்கார அம்மாள் கிரேமுக்குப் போன் போட்டாள். கிரேம் வந்து அவர் முகத்தைப் பார்த்து, ஏழு வருடத்துக்குப் பிறகு மறுபடியும், "உக்காருய்யா" என்றார்.

செப்டம்பர் இரண்டாம் தேதி வாரியத்தின் கடிதம் வந்தது. தோல்வி.

நெமி நான்கு தடவை படித்தார். அச்சுப்பிழை இல்லை. "விண்ணப்பதாரரின் பேச்சு உள்ளூர்ச் சராசரியை எண்பத்து நான்கு புள்ளிகள் மீறியுள்ளது. மூன்று புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் அனுமதியில்லை. இத்தகைய மொழித்திறன் சுற்றுப்புறச் சமூகத்தோடு அவர் ஒட்டவில்லை என்பதையே காட்டுகிறது."

நெமி போன் போட்டார். "மேடம், முதல் தடவை எனக்கு எட்டு வந்துதே. ஏழுக்கும் எட்டுக்கும் ஒண்ணுதானே வித்தியாசம்? அதையே வச்சுக்கலாமே!"

"அது எவ்வளவு பொருத்தமான மதிப்பெண்ணுன்னு நாங்களே வாரியத்துல பேசிக்கிட்டோம்," என்றார் திருமதி ஹார்க்நெஸ் உண்மையான வருத்தத்தோடு. "ஆனா புது மதிப்பெண் வந்ததும் பழசு அழிஞ்சுடும். முன்னேறினவர் முன்னேறினவர்தான், மிஸ்டர் தும்பகா. நீங்க அவசரப்பட்டுட்டீங்க."

"என் பொண்ணுக்குப் பத்து நாள்ல பதினெட்டு முடியுது மேடம்."

"தெரியும். அவங்களுக்கு என் வாழ்த்து. நீங்க வேணும்னா இயல்புச் சூழல் மதிப்பீட்டுக்கு மனு போடலாம். நானே நேர்ல வந்து, நீங்க இயல்பா எவ்வளவு பேசறீங்கன்னு அளப்பேன். பதினொன்றாம் தேதி எனக்கு ஓய்வு இருக்கு."

அன்று மத்தியானம் ரோவேனா போனில் அழுதாள். "என்னாலதான்ப்பா. நான்தான் உங்களைப் பேச வச்சுக் கெடுத்தேன்."

"அட, நீ என்ன பண்ணுவ," என்றார் நெமி. மேலே சொல்ல எத்தனையோ இருந்தது, பயந்துகொண்டு சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் அவர் வாயைக் கட்டினார். கேள்வி கேட்டால் பதில் வரும்முன் பத்துவரை எண்ணினார். சித்தப்பா ஞாபகம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். கிரேம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது அவரால் ஆன உதவி.

பதினொன்றாம் தேதி மழை. கன்று போடும் பருவத்தின் உச்சம். திருமதி ஹார்க்நெஸ் புத்தம் புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகையின் மூலையில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றார். "நான் இங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுக்குங்க," என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த நேரம் பார்த்து நானூற்றுப் பன்னிரண்டாம் எண் பசுவுக்கு வலி கண்டது. கன்று கோணலாகத் திரும்பியிருந்தது. நெமி தோள்வரை கையை விட்டுக் கால்களைத் தேடினார். கிரேம் கயிற்றை நீட்டினார்.

"கால்?"

"ஒண்ணு."

நேரம் போயிற்று.

"ரெண்டு."

"இழு."

"ம்."

இருவரும் சேற்றில் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். பசு முனகியது. முக்கால் மணி நேரம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, அசையவில்லை. நெமி அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைப் பரபரவென்று தேய்த்தார். கிரேம் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இவர் கை போகும் இடத்துக்கு அவர் கை முன்பே வந்திருந்தது. கன்று தும்மியது.

"கிடாரி," என்றார் நெமி.

"ம்," என்றார் கிரேம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்றரை மாதம் இருந்தது, ஆனாலும் அது மூன்றாவது வகை.

திருமதி ஹார்க்நெஸ் தாளைப் பார்த்தார். முக்கால் மணிக்கு ஏழு சொற்கள், இருவருக்குமாகச் சேர்த்து. வியந்துபோனார். "அற்புதம்," என்று முணுமுணுத்தார். "மொழியே இல்லாம எப்படி இவ்வளவு... இதை அளக்க எங்க படிவத்துல கட்டமே இல்லையே." பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒரே ஒரு கேள்வி பாக்கி, மிஸ்டர் தும்பகா. விதிப்படி கேட்டாகணும். ஏழு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. எப்படி இருக்கு இந்த ஊர்?"

கடிகாரத்தை அமுக்கினார்.

நெமிக்குச் சொல்வதற்கு என்ன இல்லை? இரண்டாம் வருடம் பனியில் வண்டி கவிழ்ந்தபோது, ஆஸ்பத்திரியில் கிரேம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. நெமியின் அம்மா செத்த செய்தி வந்த வாரம், யார் என்றே தெரியாமல் வாசலில் தினமும் ஒரு தட்டு சீஸ் ரோல் இருந்தது. அதே ஏழு வருடத்தில் மகளின் ஏழு பிறந்தநாளைப் போனில் பார்த்ததும் இந்த ஊரில்தான். நன்றியும் கோபமும் சேர்ந்தே வந்தன. வாயில் வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன, எல்லாமே தொண்ணூற்றொன்று மதிப்பெண் தரத்தில். "இது மிகவும்" என்று நாக்கு நுனிவரை வந்தேவிட்டது.

கிரேம் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

நெமி பத்துவரை எண்ணினார். இருபதுவரை எண்ணினார். நாற்பத்தொன்றுவரை எண்ணினார்.

"பரவாயில்ல, மேடம்," என்றார்.

கடிகாரம் நின்றது. திருமதி ஹார்க்நெஸ் கூட்டிப் பார்த்தார், சரிபார்த்தார். "எட்டு," என்றார். "பொருந்துது. வாழ்த்துகள். கையெழுத்து இங்க. சான்றிதழ் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் வந்து நீங்க முன்னேறலைன்னு மறுபடி நிரூபிக்கணும். மகள் வந்த பிறகு வீட்ல அதிகம் பேசாம பாத்துக்குங்க."

விண்ணப்பத்தை அன்றைக்கே இன்வர்கார்கில் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கிரேம் சாவியை எடுத்தார். எழுபது கிலோமீட்டர் மழையில் அவரே ஓட்டினார். ஐந்து மணிக்குக் கதவை மூட நான்கு நிமிடம் இருக்கும்போது தாளில் முத்திரை விழுந்தது. வெளியே வந்து நெமி இலோயிலோவுக்குப் போன் போட்டார்.

"என்னாச்சுப்பா? சொல்லுங்க! எப்படிப் போச்சு?"

நெமி பேச வாயைத் திறந்தார், முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் போயிற்று. அந்தப் பக்கம் அவள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு வீடே அதிரும்படி, "அம்மா! அப்பா பாஸாயிட்டாரு!" என்று கத்தினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரேம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கிரேம் வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்தாமல் வைக்கோல் கொட்டகைக்கு விட்டார். இறங்கி, மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்தார். அடியில் ஒற்றைக் கட்டில் ஒன்று, புது மெத்தை, அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பக்கத்தில் சின்ன மேசை, படிக்கிற பெண்ணுக்கு ஆகும்படியாக விளக்கு.

உறையின்மேல் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. நெமி குனிந்து தேதியைப் பார்த்தார். ஜூன் மூன்று.

"பாஸ், ஜூன் மூணாம் தேதி நான் பரீட்சையே எழுதலையே. பத்தாம் தேதிதானே எழுதினேன்."

"ம்."

"இவ்வளவு நாளா இங்கயே இருந்துச்சா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

கிரேம் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையை நெமி பிடிப்பதற்காகக் காத்து நின்றார்.

"நீ கேக்கலையே," என்றார்.